இரண்டு நிழல் விழுந்த கப்பல்

சூரியன் ஒழுங்காக வேலை பார்க்கிறதா என்று மேற்பார்வை பார்ப்பதற்கென்றே பிறந்த மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் வில்லியனூரில் ஒரு ஃப்ளெக்ஸ் பேனர் கடையில் டிசைனராக இருந்தார். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். ரேஷன் கார்டைத் தவிர வேறெங்கும் அது புழங்கியதாகத் தெரியவில்லை. ஊருக்கு அவர் 'நெழலு'.

பேனரில் யார் நின்றாலும் அவர் காலடியில் நிழல் விழுந்தாக வேண்டும். காதுகுத்து பேனர் என்றால் குழந்தைக்கு இரண்டு பக்கமும் தாய்மாமன்கள் கைகூப்பி நிற்பார்கள் அல்லவா, அத்தனை பேர் நிழலும் ஒரே திசையில் சாய வேண்டும். ஒரு தாய்மாமன் இடது பக்கம் வெளிச்சம் விழுந்த போட்டோவைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். நெழலு அண்ணன் அதை வாங்கவே இல்லை.

"சாயங்காலம் நாலு மணிக்கு வாங்க. வாசல்ல நிக்கவச்சி நானே எடுக்கறேன்."

"யோவ், நாளைக்குக் காதுகுத்துயா!"

"உங்க ஒருத்தருக்கு மட்டும் சூரியன் வேற பக்கம் உதிக்குமா?"

கண்ணீர் அஞ்சலி பேனருக்கும் இதே சட்டம்தான். இறந்துபோன பெரியவருக்குக் காலடியில் நீளமாக ஒரு நிழல். மகன் கடைக்கு வந்து கத்தினார். "செத்துப்போன ஆளுக்கு எதுக்குயா நெழலு?"

"நிக்கிறாருல்ல? நின்னா விழுந்துதான ஆவணும்?"

நான் அப்போது அரியூர்ப் பக்கம் ஒரு மெஸ்ஸில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவராமல் போய், ஊர் ஊராகச் சுற்றி அங்கே வந்து சேர்ந்திருந்தேன். மெஸ்ஸில் சாப்பாடு உண்டு, படுக்க இடம் கிடையாது. பஸ் ஸ்டாப்பில் படுத்தால் நாய்களுக்கும் எனக்கும் இடத்தகராறு வரும். மெஸ்ஸுக்கு பேனர் அடிக்கப் போன இடத்தில்தான் அண்ணன் பழக்கமானார். கடைக்கு மேலே ஆஸ்பெஸ்டாஸ் போட்ட அவருடைய ரூமில் பாதியை எனக்குக் கொடுத்தார். நிபந்தனை ஒன்றே ஒன்று: கம்ப்யூட்டருக்கும் ஜன்னலுக்கும் நடுவில் நான் நிற்கக்கூடாது.

அந்தக் கம்ப்யூட்டரில்தான் அவருடைய உண்மையான உத்தியோகம் நடந்தது. விமானம் ஓட்டுவது மாதிரியே கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்கும் ஒரு சமாச்சாரம் இருக்கிறது. 'கேம்' என்று நான் ஒருமுறை சொல்லிவிட்டேன். ராத்திரி வரை என்னிடம் பேசவில்லை. 'சிமுலேட்டர்' என்று சொல்ல வேண்டும். விமானத்திலிருந்து குனிந்து பார்த்தால் கீழே கடல் தெரியும். அந்தக் கடலில் நிற்கிற கப்பல்களை அண்ணன் செய்து, இன்டர்நெட்டில் இலவசமாகப் போடுவார். எங்கெங்கோ இருக்கிற ஆட்கள் அதை எடுத்துத் தங்கள் கடலில் நிறுத்திக்கொள்வார்கள். இத்தனைக்கும் அண்ணன் விமானத்தில் ஏறியதும் இல்லை, கப்பலில் ஏறியதும் இல்லை. மீனவர் படகில் ஒருமுறை ஏறி, கரையைத் தாண்டும் முன்பே வாந்தி எடுத்து இறங்கிவிட்டார்.

அவருடைய கம்ப்யூட்டர் கிழட்டுக் கம்ப்யூட்டர். தானாக நிழல் போடுகிற தெம்பெல்லாம் அதற்கு இல்லை. அதனால் கப்பலின் மேல்தளத்துக்கு ஒட்டுகிற படத்திலேயே கொடிமரம், கிரேன், ஏணி எல்லாவற்றின் நிழலையும் கையால் வரைந்துவிடுவார். அதை எப்படி வரைவது? எண்ணெய் டின்னை வெட்டி, ஒரு முழ நீளத்துக்குக் கப்பல் செய்து வைத்திருந்தார். அதைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, வெயிலில் நிழல் எப்படி விழுகிறது என்று பார்த்துப் பார்த்து வரைய வேண்டும். கடலில் விட்டால் அலை அடித்துக்கொண்டு போய்விடும். ஆடாமல் அசையாமல் தண்ணீர் நிற்கிற இடம் எது? நடவுக்குத் தண்ணீர் கட்டிய வயல்.

அப்படித்தான் ஒரு புரட்டாசி மாதம் அபிஷேகப்பாக்கத்தில் ஒரு வயலில் நாங்கள் கப்பல் விட்டோம். அண்ணன் வரப்பில் குப்புறப் படுத்து, கன்னத்தை மண்ணில் வைத்து ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். நடவு நட்ட பெண்கள் இடுப்பை நிமிர்த்தினார்கள்.

"இன்னாடி இது, வயல்ல கப்பல் உட்றாங்க?"

"கப்பல்லேருந்து ஆளு எறங்கறதுக்குள்ள நாத்து முடிய எடுத்து மேல போடுடி!"

வயல்காரர் மண்வெட்டியோடு ஓடிவந்தார். "யோவ்! யாருயா நீ? இன்னாயா பண்ற?"

"கப்பல் பாக்கறேன்."

"கடலு அந்தாண்ட இருக்குதுயா!"

"அதுல ஆடுது."

வயல்காரர் என் பக்கம் திரும்பி, நீ யார் என்று கேட்டார். நான் பாத்திரம் கழுவுகிறவன் என்று சொன்னேன். அது அவருக்கு உதவவில்லை.

அதற்குள் வயல்காரரின் மகள் ஸ்கூட்டியில் டீயும் போண்டாவும் எடுத்துவந்து சேர்ந்தாள். பெயர் தனம். அரியூரில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. மற்றவர்கள் ஆளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்க, அவள் மட்டும் தண்ணீரைப் பார்த்தாள்.

"அந்தக் கம்பியோட நெழலு, தண்ணியில விழற எடத்துல மட்டும் ஏன் ஒடிஞ்சாப்ல இருக்குது?"

அண்ணன் வரப்பிலிருந்து எழுந்தார். கன்னத்தில் ஒட்டிய சேற்றைக்கூடத் துடைக்கவில்லை. அவர் பிறந்ததிலிருந்து யாரும் அவரிடம் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. தனம் ஒரு போண்டாவை நீட்டினாள். வாங்கிக்கொண்டார். ரூமுக்குத் திரும்பிய பிறகும் அது அவர் கையிலேயே இருந்தது. நான்தான் சாப்பிட்டேன்.

ஒரு வாரத்தில் அவருடைய அக்கா வெற்றிலை பாக்கு, பூ, பழத்தோடு அபிஷேகப்பாக்கம் போய்ப் பெண் கேட்டார். அண்ணனும் போனார், துணைக்கு நானும் போனேன். வயல்காரருக்கு எங்களைப் பார்த்ததுமே கை மண்வெட்டியைத் தேடியது. ஆனால் பேசியது தனம்தான்.

"எத்தினி வருஷமா இந்தக் கப்பல் வேல பாக்கறீங்க?"

"ஆறு வருஷமா."

"எத்தினி முடிச்சிருக்கீங்க?"

அண்ணன் காலடியைப் பார்த்தார். அவர் எதையும் முடித்ததில்லை. இன்டர்நெட்டில் போட்ட கப்பல் ஒவ்வொன்றிலும் 'இன்னும் வேலை இருக்கிறது' என்று ஒரு குறிப்பு எழுதித்தான் போட்டிருந்தார்.

"எங்க லேப்ல ரிப்போர்ட் அஞ்சு மணிக்குன்னா அஞ்சு மணிக்குக் குடுக்கணும். இன்னொரு தபா பாத்துட்டுத் தரேன்னு ஒக்காந்தா பேஷன்ட் வூட்டுக்கே வந்துடுவான். ஒரே ஒரு கப்பல முடிச்சிட்டு, முடிஞ்சிதுன்னு உங்க வாயால சொல்லுங்க. பொங்கல் வரைக்கும் பாப்பேன். இல்லன்னா அப்பா மடுகரையில ஒரு மாப்பிள்ள பாத்து வச்சிருக்காரு, அவரக் கட்டிக்குவேன்."

"மடுகரை மாப்பிள்ள இன்னா பண்றாரு?" என்று நான் கேட்டேன்.

"கரும்பு போட்றாரு. வருஷா வருஷம் வெட்டியும் முடிக்கிறாரு" என்றார் வயல்காரர்.

அண்ணன் ஆறு வருஷமாக இழுத்துக்கொண்டிருந்த ஒரு சரக்குக் கப்பலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஐப்பசி மழை ரூமுக்குள் ஒழுகியபோது கம்ப்யூட்டருக்குக் குடை பிடித்தோம்; நாங்கள் நனைந்தோம். கார்த்திகையில் நிழல் எல்லாம் வரைந்து முடித்தார். கப்பலைச் சுற்றிக் கடல்மேல் விழுகிற நிழலையும் விடவில்லை. கறுப்பாக ஒரு தகடு செய்து, தண்ணீர் மட்டத்தில் கப்பலோடு ஒட்டவைத்தார். வயலில் பார்த்த நிழல் அப்படித்தான் இருந்தது. சேற்றுத் தண்ணீரில் நிழல் மை மாதிரி விழும். ஆழக் கடலில் அப்படி விழாது என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. இன்டர்நெட்டில் அதைப் பார்த்த வெளிநாட்டுக்காரர் ஒருவர், 'உங்கள் கப்பலிலிருந்து எண்ணெய் ஒழுகுகிறதே, வேண்டுமென்றுதான் வைத்தீர்களா?' என்று மரியாதையாகக் கேட்டிருந்தார்.

"பொறாம" என்றார் அண்ணன்.

மார்கழியில் கடை முதலாளி பேனர் வேலைக்காகப் புதுக் கம்ப்யூட்டர் வாங்கினார். அதில் அண்ணன் முதலில் ஏற்றியது சிமுலேட்டரின் புது வகையைத்தான். அது சூரியன் நகர நகரத் தானே கணக்குப் போட்டு நிழல் விழ வைக்கும். கப்பலைக் கடலில் நிறுத்தி, நேரத்தைக் காலை ஏழு மணியாக வைத்தார். சூரியன் கிழக்கே இருந்தது. கம்ப்யூட்டர் போட்ட நிழல் மேற்கே விழுந்தது. அண்ணன் வரைந்த நிழல் எல்லாம் சாயங்காலம் நாலு மணி நிழல். அது கிழக்கே விழுந்தது. ஒரு கொடிமரம், இரண்டு நிழல். ஒரு ஏணி, இரண்டு நிழல்.

"கப்பலுக்கு ரெண்டு நெழலு விழுதுண்ணா."

"எனக்கும் கண்ணு இருக்குதுடா."

அதோடு மனிதர் படுத்துவிட்டார். வழி அவருக்குத் தெரியும். கையால் வரைந்ததை எல்லாம் அழித்துவிட்டு, நிழல் வேலையைக் கம்ப்யூட்டரிடம் விட்டுவிட வேண்டும். ஆனால் அழிக்க மனம் வரவில்லை. ஆறு வருஷம் வரப்பு வரப்பாகப் படுத்து வரைந்தது. கடைக்குப் போவார், நிழலே இல்லாமல் பேனர் அடிப்பார். ஊர்ப் பெரிய மனிதர் ஒருவருக்குப் பிறந்தநாள் பேனர் வந்தது. பேனரில் அவர் காற்றில் மிதந்தார். நேராகக் கடைக்கே வந்துவிட்டார்.

"ஊர்ல கண்டவனுக்கெல்லாம் நெழலு வச்ச. எனக்கு மட்டும் இல்லியா? யாரு சொல்லிச் செஞ்ச?"

"மனசு சரியில்லீங்க."

"ஒம் மனசுக்கு எங் கால ஏன்யா தூக்கற?"

பொங்கல் நெருங்கிவிட்டது. எனக்குப் பொறுக்கவில்லை. அரியூரில் மெஸ்ஸும் லேபும் ஒரே தெரு. தனத்தைப் பார்த்து விஷயத்தைச் சொன்னேன். போகியன்று காலை டூட்டிக்குப் போகிற வழியில் ஸ்கூட்டியை நிறுத்தி, மாடிப்படியில் நின்றபடியே அண்ணனைக் கூப்பிட்டாள். தெருவெல்லாம் பழைய பாயும் முறமும் எரிந்து புகைந்துகொண்டிருந்தது.

"ஊரே பழச கொளுத்திட்டு ஒக்காந்திருக்குது. நீங்க இன்னாத்த வச்சிக்கினு அழுவுறீங்க?"

"ஆறு வருஷம் கையால வரஞ்சது தனம்."

"அந்தக் கை எங்கயாச்சும் போயிடுச்சா?"

அண்ணன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எனக்கு டூட்டிக்கு நேரமாவுது" என்று அவள் இறங்கிப் போய்விட்டாள்.

அண்ணன் கடைக்கு இறங்கிப் போய்ப் புதுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டு அழித்தார். கறுப்புத் தகட்டையும் எடுத்தார். பிறகு கப்பலின் ஒவ்வொரு பாகத்துக்கும் 'நிழல் விழலாம்' என்று அனுமதி கொடுத்தார். பார்த்தால் பாதிக் கப்பலுக்குத்தான் நிழல் விழுந்தது. மீதிப் பாதிக்குள் வெயில் சல்லடையில் புகுகிற மாதிரி புகுந்து போனது. சட்டையை உள்பக்கம் வெளியே வருகிற மாதிரி மாட்டிக்கொள்வோமே, அப்படிக் கப்பலின் உடம்பாக ஒட்டிய தகடுகளில் பாதியைத் திருப்பி வைத்து ஆறு வருஷம் ஓட்டியிருக்கிறார். நிழலைக் கையால் வரைந்ததால் அது வெளியே தெரியாமலே இருந்திருக்கிறது. ஒவ்வொரு தகடாகத் திருப்பினார். நான் டீ வாங்கிக்கொண்டு வந்தேன், குடிக்கச் சொல்லித் திட்டினேன், ஆறிய டீயை நானே குடித்தேன்.

பொங்கலன்று முற்பகல், வயல்காரரும் தனமும் தூக்குவாளியில் பொங்கலோடு வந்தார்கள். முதலாளி வீட்டுக்குப் போயிருந்ததால் கடையில் எங்களைத் தவிர யாரும் இல்லை. அண்ணன் குளித்து வேட்டி கட்டியிருந்தார். புதுக் கம்ப்யூட்டரில் கப்பல் நின்றது. சூரியனை மெல்ல நகர்த்திக் காட்டினார். கொடிமரத்தின் நிழல் தளத்தில் ஊர்ந்து, ஒரு பெட்டிமேல் ஏறி, அந்தப் பக்கம் இறங்கியது. ஒரே ஒரு நிழல்.

வயல்காரர் திரைக்கு அருகில் முகத்தைக் கொண்டுபோனார். "தம்பி, எங்க போவுது இது?"

"எங்கயும் போவாது மாமா. நிக்கும்."

"வெயிலு சுள்ளுனு அடிக்குது, ஒரு ஆளக் காணமே?"

"ஆளு பண்ணல மாமா."

"அப்ப முடிஞ்சிதா, முடியலியா?"

அண்ணன் திரையைப் பார்த்தார். அவர் பார்வை கப்பலின் பின்பக்கம் போய் நின்றது. நானும் பார்த்தேன். அங்கே சிறியதாக ஒரு ஏணி. அதற்கு மட்டும் நிழல் விழவில்லை. அண்ணனின் கை தானாக மவுஸ் பக்கம் போனது. எனக்கு மடுகரைக் கரும்பு கண்ணில் தெரிந்தது.

கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"முடிஞ்சிது" என்றார்.

தை முடிவதற்குள் கல்யாணம் நடந்தது. போட்டோகிராபர் இரண்டு பக்கமும் லைட் போட்டதற்கு மாப்பிள்ளை சண்டைக்குப் போய், அக்கா வந்து விலக்கிவிட்டார். மறுவீட்டு விருந்து சாப்பிட்டு வந்த சூட்டோடு அண்ணன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். ரூமை அவர்களுக்கு விட்டுவிட்டுக் கிளம்புகிற நான், பையோடு சொல்லிக்கொள்ளப் போயிருந்தேன். தனம் காபி கொண்டுவந்து வைத்தாள்.

"பின்னாடி ஏணிக்கு நெழலு போடறீங்களா?"

அண்ணன் திடுக்கிட்டுத் திரும்பினார். "உனக்கெப்பிடித் தெரியும்?"

"பொங்கலன்னிக்கே பாத்தேன்."

"அப்பவே ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா அடுத்த பொங்கல் வந்திருக்கும்" என்று சொல்லிவிட்டு எனக்கும் ஒரு காபியை நீட்டினாள்.

அதற்கப்புறம் திருப்பூர், ஓசூர் என்று எத்தனையோ ரூம்களில் படுத்துவிட்டேன். எல்லா ரூமிலும் ஜன்னலுக்கு முன்னால் என் இஷ்டத்துக்கு நிற்கிறேன், 'நகருடா' என்று அதட்ட ஆளில்லாமல்தான் சாயங்காலங்கள் ஒரு மாதிரியாக இருக்கின்றன.