பத்து நிமிடத் தூரம்

மனிதனின் உயரத்தை அவன் கடக்கும் தூரமே தீர்மானிக்கிறது. மேலாளருக்கு அதில் பத்து நிமிடம் குறைந்தது.

"மூணு மணி ஐம்பது நிமிஷம் சார்," என்றார் தலைமை எழுத்தர். "விதிப்படி நாலு மணி நேரத்துக்கு மேல பறந்தாத்தான் பிசினஸ் கிளாஸ். இல்லேன்னா பின்னாடி, எல்லாரோடயும்."

மேலாளர் கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணுக்குள் சம்பந்தி கால்நீட்டிப் படுத்திருந்தார். 'முன்சீட்டுல படுத்தா வீட்டுக் கட்டில் மறந்துடும், உங்களுக்கு எங்க தெரியப்போகுது' என்று நாலுபேர் நடுவில் சொன்ன சம்பந்தி. வெளியூர்க் கம்பெனி ஒன்றோடு சந்திப்பு என்று தெரிந்த அன்றே மேலாளரின் மனைவி சம்பந்தி வீட்டுக்குப் போன் போட்டு, "இவருக்கும் முன்சீட்டுதான்" என்று சொல்லிவிட்டாள். இனிப் பின்னால் உட்கார்ந்தால் மானம் கப்பலேறிவிடும்.

"ரெண்டு ஊருக்கும் எவ்வளவு தூரம்?"

"ரெண்டாயிரத்து எழுநூறு கிலோமீட்டர் சார்."

"சரியா அளந்தாங்களா?"

மேசைமேலிருந்த உலக உருண்டையில் மேலாளரே நூல் பிடித்து அளந்தார். நூலைத் தளர்த்திப் பிடித்தும் பார்த்தார். உலகம் அசைந்து கொடுக்கவில்லை.

"எதிர்காத்து அடிச்சா?"

"அடிக்கும் சார். திரும்பி வர்றப்போ. நாலே கால் மணி ஆகும்."

"அப்போ பின்னாடி உக்காந்து போய், முன்னாடி உக்காந்து வரணுமா? பாக்கிறவன் என்னய்யா நினைப்பான்?"

எழுத்தர் யோசித்தார். வழியில் இன்னோர் ஊரில் இறங்கி ஏறினால் மொத்தம் ஐந்து மணி நேரம். ஆனால் ஒவ்வொரு விமானத்தையும் தனித்தனியாகத்தான் கணக்கிட வேண்டும் என்றது விதி. இரண்டிலுமே பின்சீட்டு.

"வேற வழியே இல்லையா?" என்றார் மேலாளர்.

"ஒரு வழி இருக்கு சார். அந்த ஊரைத் தாண்டி இன்னொரு ஊரு. அதுக்கு நாலு மணி இருபது நிமிஷம். அங்க இறங்கி, சின்ன விமானத்துல ஐம்பது நிமிஷம் திரும்பி வந்துடலாம்."

"தலையைச் சுத்தி மூக்கைத் தொடச் சொல்றீங்க."

"மூக்கைத் தொட்டாச்சான்னுதான் சார் விதி பாக்கும்."

சந்திப்பு மாலை மூன்று மணிக்கு. அன்று விடியற்காலையே மேலாளர் விமானத்தின் முன்சீட்டில் கால்நீட்டினார். தூக்கம் வரவில்லை, வந்தாலும் தூங்குவதாக இல்லை. மூன்று மணி ஐம்பதாவது நிமிடம் தான் போகவேண்டிய ஊர் காலுக்குக் கீழே நகர்ந்து போவதை, ஒரு மன்னன் கப்பம் கட்டாத சிற்றூரைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். நீட்டிய காலைப் படமெடுத்துக்கொண்டார்.

அதைத் தாண்டி அடுத்த ஊரில் இறங்கியதும் முதல் வேலையாகப் படம் சம்பந்திக்குப் போயிற்று. 'பலே' என்று பதிலும் வந்துவிட்டது. சின்ன விமானத்துக்கான வரிசையில் நின்றபோது அலுவலக வரவேற்பறைப் பெண் அழைத்தாள்.

"சார், எங்க இருக்கீங்க?"

"பயணத்துல இருக்கேன்மா. மூணு மணிக்குச் சந்திப்பு இருக்கில்ல?"

"அதுக்குத்தான் சார் கூப்பிட்டேன். அந்த ஊர்க்காரங்க மூணு பேரும் நேத்தே இங்க வந்து இறங்கிட்டாங்களாம். இப்போ உங்க ரூம்ல உக்காந்திருக்காங்க. அவங்க எழுதினதே இங்க வர்றதாத்தானே சார்."