ஆசியா கொடுத்த முதல் பரிசு

எனக்கு முட்டி வலி கிடையாது. எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. இதை உங்களை நம்பித்தான் சொல்கிறேன்.

துபாயில் முப்பது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டி, திருவாரூர் பக்கம் எங்கள் ஊரிலேயே உயரமான மாடி வீடு கட்டி, இனி காலாட்டிக்கொண்டு சாப்பிடலாம் என்று வந்து இறங்கியவன் நான். மூன்றாம் நாளே கொல்லையில் ஆவி பறந்தது. என் வீட்டுக்காரி தன் சீதன நிலத்து நெல்லை அவித்துக்கொண்டிருந்தாள். அவள் பெயர் ஆசியா. வீட்டில் அவளுடைய ஆட்சிப் பரப்பும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். நான் அதில் ஓரமாக ஒரு குட்டித் தீவு.

“ஏங்க, இதை மொட்டை மாடியில காயப் போடணும். ஒரு கை புடிங்க.”

அவித்த நெல் என்ன கனம் கனக்கும் என்று தூக்கினவனுக்குத்தான் தெரியும். போதாக்குறைக்கு, மாடிப்படியைச் செங்குத்தாக வை என்று துபாயிலிருந்து போனில் கொத்தனாருக்கு உத்தரவு போட்ட மேதையும் நான்தான்.

“முட்டி...” என்றேன்.

“என்ன முட்டி?”

“வலது முட்டி. தேஞ்சுபோச்சாம். அங்க லிப்டுலயே ஏறி இறங்கினதுல வந்ததாம். படி ஏறவே கூடாதுன்னுட்டாரு டாக்டரு.”

“லிப்டுல போனா முட்டி எப்படிங்க தேயும்?”

“அதான் எனக்கும் புரியல.”

என்னை ஒரு பார்வை பார்த்தாள். கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு படியேறினாள். அந்தப் பார்வைக்கு நான் பயந்திருக்க வேண்டும். அதற்குப் பதில் நிம்மதியாகத் தூங்கினேன்.

அன்றிலிருந்து என் முட்டிக்கு ராஜயோகம். தைலம் வந்தது, உறை வந்தது, வாரம் தவறாமல் ஆட்டுக்கால் சூப் வந்தது. சூப்புக்காகவே இன்னொரு முட்டியையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது ஆசியா வந்து நின்றாள்.

“தஞ்சாவூர்ல ஒரு இந்திப் படம் ஓடுதாம். நம்ம நாட்டு ஓட்டக்காரர் ஒருத்தரோட நிஜக் கதையாம். போவோமா?”

சினிமா என்றாலே கொட்டாவி விடுகிறவள் அவள். எனக்கு உறைக்கவில்லை.

படம் என்றால் படம், அப்படி ஒரு படம். செருப்பில்லாத பையன், கொப்புளம் வெடித்த கால், அதோடு ஓடுகிறான். துபாய் இந்தியில் நான் தேறியவன் என்பதால் வசனத்தையெல்லாம் ஆசியாவுக்குச் சத்தமாகத் தமிழாக்கம் செய்தேன், தியேட்டருக்கே கேட்டது. கடைசிப் பந்தயத்தில் எனக்கு நிலைகொள்ளவில்லை. ஒரே தாவு. நாற்காலிமேல் நின்று “சலோ, சலோ” என்று கத்திக்கொண்டிருந்தேன்.

“ஏங்க, கீழ இறங்குங்க. பின்னாடி இருக்கவங்களுக்கு மறைக்குது” என்றாள் ஆசியா, கடலையைக் கொறித்தபடி.

திரும்பி வரும் பஸ்ஸில் என் பழங்கதையை எடுத்தேன்.

“பள்ளிக்கூடத்துல நான்தான் எப்பவும் பர்ஸ்ட்டு, ஆசியா. கூடப் படிச்ச ஜெக்கரியா என் முதுகைத்தான் பார்த்துக்கிட்டு ஓடுவான். அதுக்குள்ள பாஸ்போர்ட்டு வந்துருச்சு.”

“தெரியும்ங்க. மாப்பிள்ளை ஓட்டத்துல கெட்டிக்காரருன்னு எங்க அத்தா அப்பவே சொன்னாங்க” என்றவள் பெருமூச்சு விட்டாள். “பாவம், முட்டிதான் இப்படி ஆயிப்போச்சு.”

பத்துப் பதினைந்து நாள் போயிருக்கும். பக்கத்து வீட்டுத் துரைராசு வந்தான். இளைஞர் மன்றத்துக்கு அவன்தான் தலைவர்.

“பாய், சுதந்திர தினத்துக்கு ஓட்டப் பந்தயம் வச்சிருக்கோம். இந்த வருஷம் புதுசா, அம்பது வயசு தாண்டின ஆம்பளைங்களுக்கு. அரிசிக்கடை ஜெக்கரியா பாய் பேர் குடுத்துட்டாரு. ‘துபாய்க்காரன்லாம் ஏசியில ஊறிப்போனவன், எவன் வரப்போறான்’னு கேக்குறாரு.”

எனக்குச் சுருக்கென்றது. ஓடினால் முட்டி குணமாகிவிட்டது என்று ஆகும், அப்புறம் ஆயுசுக்கும் நெல் தூக்க வேண்டும். ஓடாவிட்டால் ஜெக்கரியா கடை வாசலில் தலைகாட்ட முடியாது. திருட்டுத்தனமாக ஓடுவது என்று முடிவு கட்டினேன்.

தினமும் விடியற்காலை சுபுஹு தொழுகை முடிந்ததும் வெட்டாற்றங்கரையில் ஓட்டம். தெருமுனை வந்ததும் நொண்டல். ஒருநாள் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

“என்னங்க, இன்னிக்கு இடது காலைத் தாங்கித் தாங்கி வர்றீங்க?”

“வலி எடம் மாறிருச்சு.”

“அப்ப அந்தக் காலுக்கும் சூப்பு வச்சுடறேன்.”

பந்தயத்தன்று காலையில் அவளே, “நாகூர்ல அக்காவைப் பார்த்துட்டு ராத்திரிதான் வருவேன்” என்றாள். அல்லாவே எனக்குத் தோதாக நிற்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். முட்டி உறையைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு மைதானத்துக்குப் போனேன்.

ஓடினேன். பாதித் தூரம் ஜெக்கரியா முன்னால் போனான். படத்தில் வந்த அந்தக் கொப்புளக் கால் ஞாபகம் வந்தது. எங்கிருந்து வந்ததோ ஒரு வேகம், கயிற்றை நெஞ்சால் அறுத்தேன். ஜெக்கரியாவே வந்து கட்டிப்பிடித்தான். நான் அழுதேன். அந்த அழுகை மட்டும் நடிப்பில்லை.

மேடையில் துரைராசு மைக்கைப் பிடித்தான்.

“முதல் பரிசை அன்பளிப்பா குடுத்த ஆசியா அம்மாவையே வந்து வழங்கக் கேட்டுக்கிறோம்.”

அப்போது வலித்தது பாருங்கள், இரண்டு முட்டியும்.

ஜிகினாத்தாள் சுற்றிய பெரிய உருண்டையோடு ஆசியா ஏறி வந்தாள்.

“நாகூரு?” என்றேன்.

“பஸ்ஸ விட்டுட்டேங்க. பிரிச்சுப் பாருங்க.”

பிரித்தேன். கப்பு இல்லை. ஒரு மரக்கால், இரண்டு மரக்கால் இல்லை, ஒரு மூட்டையில் பாதி பிடிக்கும் எவர்சில்வர் அன்னக்கூடை. விளிம்பில் புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டியிருந்தது: ‘ஹாஜா மைதீன், ஓட்டத்தில் முதல் பரிசு.’

“இப்பத்தானே ஓடி முடிச்சேன். அதுக்குள்ள எப்படிப் பேர் வெட்டின?”

“படம் பார்த்த மறுநாளே பாத்திரக் கடையில வெட்டிட்டேன்.”

“அப்பப் பந்தயமே கெடையாதே.”

“பேர் வெட்டினப்புறந்தான் துரைராசுகிட்டப் பந்தயம் வைக்கச் சொன்னேன்.”

கோபம் வரவில்லை. வெட்கங்கெட்ட நெஞ்சு விம்மியது. “அவ்வளவு நம்பிக்கையா எம்மேல?”

“நாற்காலி மேல தாவி ஏறினீங்களே, அந்தக் காலை நம்பாம இருக்க முடியுமா?” என்றவள் அண்ணாந்து வானத்தைப் பார்த்தாள். “மேகம் கருக்குதுங்க. மாடியில நெல்லு கெடக்கு. கூடையை எடுத்துக்கிட்டு ஓடுங்க.”