அணுவைத் திருப்பும் மகளுக்கு

தாயில்பட்டி,
புதன்கிழமை.

அன்பு மகள் ரோஷினிக்கு, அப்பா பெத்தணன் ஆசியோடு எழுதுவது. நானும் உன் அம்மா பத்திரகாளியும் சுகம். நீ சுகம் என்பது நேற்றே போனில் தெரிந்துவிட்டது. இதையும் போனில் சொல்லியிருப்பேன், நீ சிரிப்பாய் என்பதால் கடிதம்.

கோயில் பொங்கலன்று திடலில் நம் பட்டாசுக் கம்பெனி முதலாளி அழகுராஜா, "பெத்தணா, ஒம் மக பெங்களூருல என்னதான் ஆராய்ச்சி பண்ணுது?" என்று ஊர் முன்னால் கேட்டார். நீ சொன்னபடியே சொன்னேன்: ஹைட்ரஜன் வாயுவை உறையவைத்துக் கட்டியாக்குவது, அதற்குள் ரூபிடியம் அணுக்களைச் சிறைவைப்பது, லேசர் அடித்து அத்தனை அணுவின் சுழற்சியையும் ஒரே பக்கம் திருப்புவது, திருப்பியது கலையாமல் காப்பது. "எம்புட்டு நேரம் நிக்கும்?" என்றார். ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு என்றேன். "இதுக்கா அம்புட்டு வருசம் படிச்சுச்சு?" என்று யாரோ கேட்க, கூட்டமே சிரித்தது. எனக்கு ரோசம் வந்துவிட்டது. அணு நிஜத்தில் பம்பரம் போலச் சுற்றாது என்று நீ படித்துப் படித்துச் சொன்னதெல்லாம் மறந்துபோய், பத்துத் தரைச்சக்கரத்தை வரிசையாக வைத்து, "இந்தா பாருங்க, பத்தும் ஒரே பக்கமாச் சுத்தும், எம் மக செய்யிறது இதுதான்" என்று பற்றவைத்தேன். ஒன்பது சொன்னபடி சுற்றின. பத்தாவதைத் தலைகீழாக வைத்திருக்கிறேன். அது எதிர்ப்பக்கம் சுற்றி, பக்கத்துச் சக்கரத்தில் மோதி, துள்ளி, முதலாளியின் நாற்காலிக்கு அடியில் போய்த்தான் நின்று சுற்றியது. எழுபது வயது மனுசன் நாற்காலி மேல் ஏறி நின்றார். "மொதலாளி, அசையாதீக!" என்று உன் அம்மா ஒரு குடம் தண்ணீரை வீசினாள். சக்கரம் அதற்கு முன்பே அணைந்துவிட்டது. வேட்டிக்கரை கருகி, தலையிலிருந்து தண்ணீர் சொட்ட, "ஏலே, ஒம் மக கோடி அணுவத் திருப்புதுங்கிறே, ஒன்னால பத்துச் சக்கரத்தத் திருப்ப முடியலையே!" என்றார் முதலாளி. முப்பது வருஷமாகச் சக்கரம் செய்தவனை மறுநாளே லேபிள் ஒட்டப் போட்டுவிட்டார்கள். தெருவில் தலைகாட்ட முடியலை தாயி.

ஆகவே அந்த ஆராய்ச்சி வேலை நமக்கு வேண்டாம். கடிதம் கண்டதும் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பி வா. விருதுநகரில் டீச்சர் வேலை தேடிக்கொள்ளலாம்.

நேரத்துக்குச் சாப்பிடு. நீ நூறு வருஷம் நல்லா இருக்கணும் என்று அம்மா சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
லேபிள் ஒட்டும் உன் அப்பா,
பெத்தணன்

பி.கு.: தபாலில் போடக் கிளம்பினால் வாசலில் முதலாளி. "அம்புட்டு அணுவும் நெசமாவே ஒரே பக்கம் திரும்புமா? ரெண்டு நாளா அதே நெனப்பாத்தான் இருக்கு பெத்தணா, ஒரு எட்டு போயிப் பாத்துட்டு வந்துருவமா?" என்கிறார். வேன் பேசியாச்சு. அடுத்த ஞாயிறு காலை பதினெட்டுப் பேர் வருகிறோம். வேலையை விட்டுவிடாதே. விட்டிருந்தால், சனிக்கிழமைக்குள் திரும்பச் சேர்ந்துவிடு.