கோணக் கண்ணாடிக்கு ஓர் அரோகரா

தூக்கிப் போட வேண்டியதைத் தூக்கிப் போடாதவர் எல்லா ஊரிலும் உண்டு. அவரைப் பற்றி நான் எழுத வரவில்லை. அவருக்கும் ஒரு படி மேலே ஓர் இனம் இருக்கிறது. பிலிம் கேமராவின் காலம் மலையேறி இருபது வருஷம் ஆன பிறகும், அதன் உதிரிச் சாமான்களைத் தேடிப் பிடித்து, துடைத்து, திருப்பி, முகர்ந்துகூடப் பார்த்து, இன்னதென்று கண்டுபிடித்து, கண்டுபிடித்த கையோடு அதற்கு வேறொரு வேலையும் போட்டுக் கொடுக்கிற இனம். கேமரா வைத்திருப்பாரா என்று கேட்காதீர்கள். வைத்திருந்தால் படம் அல்லவா எடுக்க வேண்டியிருக்கும்?

எங்கள் வேங்கிக்கால் தெருவில் இந்த இனத்தின் தலைமகன் சக்கரபாணி. நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். மூடிய ஸ்டூடியோ ஒன்றிலிருந்து மூன்று சாக்கு உதிரிகளை ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கிய நாளிலிருந்து அவர் வீட்டில் ஒருவரும் நிம்மதியாகக் காபி குடித்ததில்லை. தம்ளரை வாங்கும் முன்பே உள்ளங்கையில் ஒரு சாமான் விழும்.

"இது இன்னா, சொல்லுங்க பாக்கலாம்?"

"டார்ச்சுங்களா?"

"டார்ச்சாம்! பிளாஷ் தட்டுங்க. இப்ப சாம்பிராணித் தட்டு."

வெளிச்சம் படாமல் பிலிம் மாட்டுவதற்கென்று இரண்டு கை வைத்துத் தைத்த கறுப்புப் பை ஒன்று வந்தது. அதற்குள் கையை விட்டு வெங்காயம் நறுக்கினால் கண் எரியாதாம். விரலும் தெரியாது என்பதை அவர் மனைவி அருணாதேவி கட்டுப் போட்ட விரலை நீட்டிக் காட்டினார். இருட்டறையின் சிவப்பு விளக்கு அடுத்த வீட்டு மூர்த்தியின் மொட்டைமாடிக்குப் போனது. தண்ணீர் டேங்க் நிரம்பினால் அதன் தலையில் எரியும்; மோட்டாரை நிறுத்தினால் அணையும். ஒரே ஒரு பித்தளைச் சாமான் மட்டும் இன்னதென்று பிடிபடவில்லை. அந்த ஏக்கத்தில் அதைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தார்.

இதெல்லாம் போகட்டும். தீபத்தில் கை வைத்தாரே, அதைத்தான் சொல்ல வந்தேன்.

அருணாதேவிக்கு ஒரு விரதம். கல்யாணமாகி முப்பது வருஷமாக, கார்த்திகை தீபத்தன்று மலையுச்சி ஜோதியைத் தன் கண்ணால் பார்க்கும் வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. பார்த்த பிறகுதான் வாசலில் முதல் அகல். ஒரு வருஷம்கூடத் தவறியதில்லை. போன வருஷம் எதிர்வரிசையில் எழும்பிய மூன்று மாடி வீடு மலையை மறைத்துவிட்டது. தெருமுனைக்கு இருபதடி நடந்தால் மலை முழுசாகத் தெரியும். நடக்க விட்டுவிட்டால் அப்புறம் அவர் என்ன சக்கரபாணி?

"மூட்டு வலிய வெச்சுக்கினு இன்னாத்துக்கு நடக்கற? வூட்டுக்குள்ளயே காட்டறேன்."

பக்கவாட்டில் இருப்பதை நேரே காட்டும் கோணக் கண்ணாடி ஒன்றை ஜன்னல் கம்பியில் முடுக்கினார்.

"மலை தெரியுமாங்க?"

"ஊரையே அளந்தவன்கிட்ட கேக்கற கேள்வியா இது?"

மாலை ஐந்து நாற்பதுக்கு அருணாதேவி கண்ணை வைத்தார். கருகருவென்று உருண்டு திரண்டு ஒன்று. அதன் உச்சியில் சிவப்பாக, அசையாமல் ஒரு வெளிச்சம்.

"ஏங்க, தெரியுதுங்க! ஆனா ஆறு மணிக்குதான ஏத்துவாங்க?"

"உன் கடியாரம் ஸ்லோ" என்று எட்டிப் பார்த்த சக்கரபாணி, "அண்ணாமலையாருக்கு அரோகரா!" என்று தெரு அதிரக் கத்தினார்.

இந்த ஊரில் ஒருவர் அரோகரா போட்டால் காரணம் கேட்பவர் உண்டா? பக்கத்து வீடு கத்தியது, எதிர்வீடு கத்தியது, நானும் கத்தினேன். தெரு முழுக்க அகல் எரிந்தது. அருணாதேவி கன்னத்தில் போட்டுக்கொண்டு, கண் கலங்கி, விளக்கேற்றி, ஒரு பொரி உருண்டையைக் கடித்தார்.

அப்போது மூர்த்தி வீட்டு டேங்க் நிரம்பி வழிந்து தெருவில் கொட்டியது.

மூர்த்தி ஓடிப்போய் மோட்டாரை நிறுத்தினார். கோணக் கண்ணாடியில் ஜோதி அணைந்தது. சற்று நேரத்தில் கோயில் பக்கமிருந்து வெடிச் சத்தமும் நிஜமான அரோகராவும் வந்தன. அருணாதேவி வாயிலிருந்த பொரியைத் துப்பிவிட்டு, தெருமுனைக்கு விறுவிறுவென்று இருபதடி நடந்து, மலையைப் பார்த்து நின்றார். பார்க்கவே பாவமாக இருந்தது.

"முப்பது வருஷ வெரதத்த மூர்த்தி வூட்டு டேங்குக்கு முடிச்சுட்டனே!"

சக்கரபாணி மெதுவாகப் பக்கத்தில் வந்தார்.

"அது கெடக்கட்டும். டேங்க் ரொம்பினா லைட்டு கரெக்டா எரியுது பாத்தியா?"

மறுநாள் காலை மூன்று சாக்குகளும் பழைய சாமான் வண்டிக்காக வாசலில் நின்றன. அவர் சட்டைப்பையையும் அருணாதேவி கவிழ்த்திருந்தார் போலிருக்கிறது. அந்தப் பித்தளைச் சாமான் மேலாகவே கிடந்தது. பித்தளை ஆயிற்றே என்று அதை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன். ஒரு முனையில் மரை, நடுவில் ஓட்டை, மறுமுனையில் மடங்கும் ஒரு சின்னக் கை. ஊதுபத்தி செருக அளவெடுத்துச் செய்தது மாதிரி இருக்கிறது.

சிரிக்கிறீர்களா? 'ஊதுபத்தி எதற்கு, சாவி மாட்டலாமே' என்று இந்நேரம் உங்களுக்குத் தோன்றவில்லை என்றால் தாராளமாகச் சிரியுங்கள். தோன்றியிருந்தால், வரும் தீபத்தன்று உங்கள் வீட்டில் யார் விரதம் என்று முதலில் விசாரித்து வையுங்கள்.