கொத்து அண்ணையும் முதல் மூலையும்

இரண்டு கையையும் சும்மா வைத்துக்கொண்டு ஒரு வசனம் முழுதாகப் பேசத் தெரியாத மனிதர் லண்டன் முழுவதிலும் ஒரேயொருவர்தான் இருந்தார். அவர் எங்கள் கடைக் கொத்து அண்ணை.

டூட்டிங்கில் எங்கள் சாப்பாட்டுக் கடையின் முன்பக்கம், கண்ணாடிக்கு அருகே நின்று கொத்துரொட்டி போடுவது அவர் வேலை. பின்பக்கம் வெங்காயம் உரிப்பதும் றோல்ஸ் சுருட்டுவதும் என் வேலை. பதினெட்டு வருசம் ரொட்டி கொத்தும் இரண்டு தகட்டைப் பிடித்த கை, தகடு இல்லாத நேரமும் கொத்திக்கொண்டே இருக்கும். பிரஷர் பார்க்க வந்த நேர்ஸ் கையை ஆட்டாதே என்றால் காலால் கொத்துவார். ஒருமுறை கோயிலில் ஐயர் மந்திரம் சொல்ல, இவர் பக்கத்துக் கம்பியில் தாளம் போட, ஐயருக்கும் வேகம் பிடித்துப் பூசை பத்து நிமிடம் முன்னதாகவே முடிந்தது. சனங்களுக்குப் பெரிய சந்தோசம்.

எனக்கு அவரைவிடப் பதின்மூன்று வயது கூட. ஆனாலும் ஊரோடு சேர்ந்து நானும் அவரை "அண்ணை" என்பேன். அவர் என்னை "அக்கா" என்பார். இருவருக்கும் அதில் ஒரு குழப்பமும் இருந்ததில்லை.

இப்படிப்பட்டவர் பேஸ்போல் விளையாடப் போனார்.

கடைக்கு வரும் வழியில் ஒரு பெரிய புல்வெளி. சனிக்கிழமை காலையில் அமெரிக்கரும் ஜப்பான்காரரும் இன்னும் எந்தெந்த ஊர்க்காரரோ சேர்ந்து அதிலே பந்தடிப்பார்கள். ஒருநாள் பந்து உருண்டு இவர் காலடிக்கு வந்திருக்கிறது. எடுத்து எறிந்திருக்கிறார். அது மைதானத்தைத் தாண்டி அந்தக் கரையில் நின்றவனின் கைக்கே போய்விட்டதாம். அந்த இடத்திலேயே ஆளைச் சேர்த்துவிட்டார்கள்.

"அக்கா, இது வேற ஒண்டுமில்லை, நாங்கள் பள்ளிக்கூடத்தில தடியால அடிச்சுப்போட்டு ஓடுவமே, எல்லே, அதுதான். இவங்கள் தொப்பி போட்டு விளையாடுறாங்கள், அவ்வளவுதான்" என்று கத்தரிக்காய்ப் பெட்டியில் கொத்தியபடி சொன்னார்.

பிறகு கடையே மைதானம் ஆகிவிட்டது. தோல் கையுறைக்கு நல்லெண்ணெய் பூசி, வடிவாக வளையட்டும் என்று அரிசி மூட்டைகளுக்கு அடியில் வைத்துவிட்டார். இரண்டு நாள் கழித்து மூட்டையைத் தூக்கிய முதலாளி, "ஐயோ, ஆரின்ர கையடா இது?" என்று கத்திக்கொண்டு றோட்டுக்கே ஓடினார்.

எறிவதில் அவர் சூரன்தான். அடிப்பதில்தான் கோளாறு. பேஸ்போலில் மட்டையைப் பக்கவாட்டில் வீசவேண்டும். இவருக்குக் கை மேலிருந்து கீழேதான் வரும். பந்து வந்தால் கொத்துவார். மூன்று முறை கொத்துவார், மூன்று முறையும் காற்று. ஆட்டமிழப்பு. அந்த மைதானத்தில் நான்கு மூலை உண்டு. அடித்துவிட்டு ஓடிப் போய் முதல் மூலையில் கால் வைத்தால்தான் ஒருவர் ஆட்டத்துக்குள் வந்ததாக அர்த்தம். இரண்டு வருசமாக அண்ணை அந்த முதல் மூலையைத் தூரத்திலிருந்துதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

போன வருசக் கடைசி பேஸ்போல் மச் வெளியூரில் வந்தது. கென்ற் பக்கம், கடை வான் வண்டியில் ஒன்றரை மணி நேரம். அன்று அவருடைய அணியில் சரியாக ஒன்பது பேர்தான். ஒருவர் குறைந்தாலும் ஆட்டம் கிடையாது. மச்சுக்கு முதல்நாள் அண்ணை என் பக்கத்தில் வந்து நின்றார். கை கொத்தவில்லை. எனக்குப் பயமாகப் போய்விட்டது.

"அக்கா, முழங்கால் இனி ஏலாதாம், டொக்டர் சொல்லிப்போட்டார். நாளைக்குத்தான் கடைசி. ஒருக்காலாவது அந்த மூலையில நிண்டு பாக்கவேணும்."

"நிப்பீங்கள் அண்ணை" என்றேன். எப்படியென்று எனக்கும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை கடையில் காஸ் திருத்த வேலை. அதனால் பூட்டு. கல்லாவில் இருக்கும் ரூபி கடை வானை ஓட்ட, வடை சுடும் செல்வமும் நானும் பின்னால் ஏற, கொத்து அண்ணை வெள்ளை உடுப்பும் நீலத் தொப்பியுமாக முன்னால் ஏறினார். ஏறியதும் டாஷ்போட்டில் கொத்தத் தொடங்கினார். வைப்பர் ஆடியது. பிறகு றேடியோ பாடியது. பிறகு சுடுகாற்று அடித்தது.

"அண்ணை, கையை மடியில வையுங்கோ" என்றாள் ரூபி.

"பிள்ளை, கை மடியிலதான் இருக்குது. உன்ர வான் சரியில்லை."

பாதி வழியில் ரூபியின் போன் வழி காட்டுவதை நிறுத்திக்கொண்டது. அப்போது எங்களைத் தாண்டி ஒரு கார் போனது. பின்கண்ணாடியில் வேல் படம். அதன்பின் இன்னொன்று, நம்பர் தகட்டில் சந்தனப் பொட்டு. மூன்றாவது காரில் பட்டுச் சேலைகள்.

அண்ணை துள்ளி எழும்பினார். "விடாத பிள்ளை, பின்னால போ! என்ர மச்சுக்குத்தான் போகினம்."

"உங்கட மச்சுக்கோ?" என்றான் செல்வம்.

"பின்ன? கடையில நோட்டீஸ் ஒட்டினனான் எல்லோ."

உண்மைதான். 'அறை வாடகைக்கு', 'கணிதம் படிப்பிக்கப்படும்' என்ற நோட்டீஸ்களுக்கு நடுவே 'கொத்து அண்ணை விளையாடும் வெளியூர் மச், அனைவரும் வருக' என்று எழுதி ஒட்டியிருந்தார்.

"பட்டுச் சீலை கட்டிக்கொண்டு பந்தடி பாக்க வருவினமே அண்ணை?"

"மரியாதை தெரிஞ்ச சனம் செல்வம். உனக்கு உது விளங்காது. இந்தக் காட்டுப் பக்கம் ஞாயிற்றுக்கிழமையில தமிழாக்களுக்கு வேற என்ன வேலை?"

பின்னால் போனோம். கார்கள் ஒரு பெரிய ஹோட்டல் வளவுக்குள் திரும்பின. வாசலில் இரண்டு வாழைமரம். இறங்கியதுமே ஒரு அம்மா பன்னீர் தெளித்தார், சந்தனம் நீட்டினார். அண்ணையின் உடுப்பை மேலும் கீழும் பார்த்தார்.

"வாங்கோ வாங்கோ! டான்ஸ் குறூப்தானே? ஏன் இவ்வளவு நேரம்? மற்றாக்கள் எங்க?"

"மற்ற எட்டுப் பேரும் வேற வாகனத்தில வருகினம் அம்மா" என்று அண்ணை நெற்றியில் சந்தனத்தை வைத்துக்கொண்டு கம்பீரமாக உள்ளே போனார். போய் அண்ணாந்து பார்த்தார்.

"என்ன ரூபி, மைதானத்துக்குக் கூரை போட்டிருக்கிறாங்கள்?"

மேடையில் சிம்மாசனம். அதில் நகையும் பூவுமாக ஒரு சிறுமி. சாமத்திய வீடு, பிள்ளை பெரியவளானதைக் கொண்டாடும் விழா.

செல்வத்தைக் காணவில்லை. தேடினால் சாப்பாட்டு வரிசையில் மூன்றாவது ஆளாக நிற்கிறான். "வந்தனாங்கள், சாப்பிடாமப் போறது மரியாதையோ?" என்றான், வாயில் வடை. படப்பிடிப்புக்காரரோ அண்ணையை மேடைக்கே ஏற்றிவிட்டார். "தொப்பி அண்ணை, இன்னும் கொஞ்சம் பிள்ளையோட ஒட்டி நில்லுங்கோ!"

மூன்று மணி நேரம் பொம்மைபோல இருந்த அந்தப் பிள்ளை அண்ணையைப் பார்த்துச் சிரித்துவிட்டது. "அங்கிள், நீங்கள் பேஸ்போல் பிளேயரா?"

"ஓம் அம்மா. மச் ஒரு மணிக்கு. இப்ப பன்னிரண்டே முக்கால்." சிம்மாசனத்தின் கைப்பிடியில் கொத்தத் தொடங்கினார். "வழி தெரியேல்ல."

பிள்ளை சேலை மடிப்புக்குள்ளிருந்து ஒரு போனை எடுத்தது. யாரும் பார்க்கமுதல் இடத்தைத் தட்டிப் பார்த்து ரூபிக்குக் காட்டியது. "பதின்மூன்று நிமிசம்தான் அக்கா. போங்கோ, போங்கோ!" அந்தச் சிம்மாசனத்துக்கு அவள்தான் பொருத்தமானவள் என்று நினைத்துக்கொண்டே ஓடினேன்.

நாங்கள் போய்ச் சேர, எட்டுப் பேரும் றோட்டைப் பார்த்தபடி நின்றார்கள். அம்பயர் மணிக்கூட்டைப் பார்த்தபடி நின்றார். கப்டன் ஒரு நெட்டை அமெரிக்கப் பெண்பிள்ளை. அண்ணையைக் கட்டிப்பிடித்து மைதானத்துக்குள் தள்ளினாள். நெற்றிச் சந்தனமும் பன்னீர் வாசமுமாக அவர் போய் நின்றார்.

முதல்முறை அடிக்க வந்தார். கொத்து, கொத்து, கொத்து. காற்று.

இரண்டாம் முறை பந்து பட்டது. பட்டு, அவருடைய சப்பாத்துக் காலுக்கு முன்னாலேயே விழுந்து கிடந்தது. எதிராளி நடந்துவந்து பொறுக்கி, அண்ணை போய்ச் சேரமுதல் முதல் மூலைக்கு எறிந்துவிட்டான்.

"புல்லைத்தான் கொத்தினவர்" என்றான் செல்வம். ரூபி அவன் தொடையில் கிள்ளினாள்.

கடைசிச் சுற்றும் வந்தது. எங்கள் ஆட்கள் தோற்பது நிச்சயம். அண்ணை மட்டையைத் தூக்கினார். எறிகிற பெடியனுக்குக் கை வழுக்கியதோ என்னவோ, பந்து விர்ரென்று வந்து அண்ணையின் மேல்கையில் பட்டது. சத்தம் எங்களுக்கே கேட்டது. அவர் குனிந்து கையைப் பொத்திக்கொண்டார். அம்பயர் முதல் மூலையைக் கையால் காட்டினார்.

ரூபி குதித்தாள். "ஆளில பந்து பட்டா முதல் மூலை அவருக்குத்தான்! அதுதான் சட்டம்!"

ஆனால் அண்ணை நகரவில்லை. "நோ" என்றார். "நோ ஹிட். நான் அடிக்கேல்ல."

அம்பயர் மறுபடியும் காட்டினார். கப்டன் ஓடிவந்து கெஞ்சினாள். அண்ணை தலையை ஆட்டிக்கொண்டே நின்றார். எங்கள் பக்கம் திரும்பி, "சும்மா தாற இடம் எனக்கு வேண்டாம் பிள்ளை, அவையளுக்குச் சொல்லு. பிச்சை மாதிரிக் கிடக்கு" என்றார்.

முகத்தைப் பார்த்தேன். இரண்டு வருசமாகத் தூரத்தில் நின்ற இடம் இதோ இருக்கிறது. வேண்டாமென்று சொல்லுகிறார். கடையில் வெங்காயம் முடிந்துவிட்டது என்பதைக்கூட ரூபியின் காதில் சொல்லுகிற ஆள் நான். எப்படி எழும்பினேன் என்று தெரியாது.

"அண்ணை!" என்று கத்தினேன். மைதானம் முழுதும் திரும்பிப் பார்த்தது. "கைநோவைத் தாங்கினது நீங்கள்தானே? பிறகென்ன பிச்சை? போய் நில்லுங்கோ!"

செல்வத்தின் வாய் மூடவில்லை. நான் மறுபடி உட்கார்ந்துவிட்டேன்.

அண்ணை மட்டையை மெல்லக் கீழே வைத்தார். ஓடவில்லை, நடந்தார். முதல் மூலையில் கிடந்த வெள்ளைச் சதுரத்துக்கு முன்னால் நின்று சப்பாத்து அடியைப் புல்லில் துடைத்தார். பிறகு ஒரு காலை வைத்தார். மற்றக் காலையும் வைத்தார். இரண்டு கையும் பக்கத்தில் அசையாமல் தொங்கின.

அடுத்து வந்தவன் மூன்று பந்தில் போய்விட்டான். ஆட்டம் முடிந்தது, தோல்வி. எல்லோரும் கை கொடுத்தார்கள், பைகளைக் கட்டினார்கள். கப்டன் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள். அண்ணை இன்னும் அதிலேயே நின்றார், தொப்பியைக் கொஞ்சம் மேலே தள்ளி, நாலாபக்கமும் பார்த்துக்கொண்டு.

"மழை வரப்போகுது, கூப்பிடட்டோ?" என்று ரூபி வான் சாவியை எடுத்தாள்.

"கொஞ்சம் பொறு பிள்ளை" என்றேன். "அவர் நிக்கட்டும்."