மெஷின் விஷயமாக வந்தவர்

"கடைசியா கேக்குறேன். மெக்கானிக் வந்து தேறாதுன்னு சொல்லிட்டா, இது இன்னைக்கே குப்பைக்குப் போகும். சம்மதமா?"

மனைவி கேட்டபோது நூலகர் அந்தக் கிழட்டு வேக்யூம் கிளீனரின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். பதினெட்டு வருடக் குடித்தனத்தில் அவர் தன் இஷ்டத்துக்கு வாங்கி வந்த ஒரே பொருள் அது. சோபா, திரைச்சீலை, அவர் போட்டிருக்கும் சட்டை உட்பட மற்றதெல்லாம் மனைவியின் தேர்வு. இதுவும் போய்விட்டால் அந்த வீட்டில் தன்னுடையது என்று சொல்ல ஒரு துரும்புகூட மிஞ்சாது.

"சம்மதம்" என்றார் ஈனக்குரலில்.

இரண்டு வாரமாக அது தூசியை இழுப்பதை விட்டுவிட்டு ஊளை மட்டும் இட்டுக்கொண்டிருந்தது.

அழைப்புமணி அடித்தது. கலைந்த தலையும் சிவந்த கண்ணுமாக வாசலில் ஒருவர்.

"அந்த மெஷின் விஷயமா..."

"வாங்க, வாங்க. உங்களைத்தான் எதிர்பார்த்துக்கிட்டு இருக்கோம்" என்று நூலகர் அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தார்.

"எதிர்பார்த்தீங்களா?" வந்தவர் தடுமாறிப் போனார்.

"பின்னே? அதுல என்ன கோளாறுன்னா..."

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம் சார். எனக்கு எல்லாம் அத்துப்படி. காலைல ஆறு பத்துக்கு ஆரம்பிக்கும். முதல்ல ஹால், அப்புறம் பெட்ரூம். ஒரு பக்கச் சக்கரம் கடகடன்னு உருளும். கட்டில்கிட்ட வந்ததும் டொம்முனு ஒரு முட்டு."

நூலகர் வாயைப் பிளந்தார். மனிதர் மெஷின் பக்கம் இன்னும் தலையைக்கூடத் திருப்பவில்லை.

"அம்மாடி, முட்டுறது வரைக்கும் சொல்றாரே" என்று மனைவி முணுமுணுத்தாள்.

"போன திங்கக்கிழமை ரெண்டு தடவ போட்டீங்க."

நூலகருக்குப் புல்லரித்துவிட்டது. கழற்றிப் பார்த்துக் கோளாறு சொல்ல ஊரில் ஆயிரம் பேர் உண்டு. பார்க்காமலேயே, அதுவும் கிழமையோடு சொல்கிறவரை அவர் ஜென்மத்தில் கண்டதில்லை. ஸ்க்ரூ டிரைவரை இரண்டு கையாலும் ஏந்தி நீட்டினார்.

வந்தவர் அதைப் பார்த்தார். மெஷினைப் பார்த்தார். முகம் மெல்ல மலர்ந்தது.

"நானே கழட்டலாமா?"

"உங்க கை பட்டாலே போதும்."

மூடியைத் திறந்து மோட்டாரைச் சுற்றி ஒரு பழைய துண்டைத் திணித்தார். நூலகர் சுவிட்சைப் போட்டார். ஊளை முனகலாகக் குறைந்திருந்தது. கூடவே கருகல் வாடை வந்தது.

"சத்தம் இப்ப பரவாயில்லையா?" என்று அக்கறையாகக் கேட்டார்.

"சத்தம் இருக்கட்டும். தீயுதே" என்றாள் மனைவி.

துண்டை உருவினார். அது போதாதென்று தூசிப் பையையும் உருவினார். மெஷின் உள்ளே சேர்த்து வைத்திருந்த அத்தனையையும் ஹாலில் துப்பியது. தூசி படிந்து வெளுத்துப்போன முகத்தோடு நூலகர் தும்மினார். வந்தவர் அசரவில்லை. கையை உள்ளே விட்டு ஒரு ஒயரைப் பிடித்துச் சுண்டினார்.

டப்.

அப்புறம் சத்தமே இல்லை. வந்தவர் கண்ணை மூடிக்கொண்டு அந்த அமைதியை அனுபவித்தார். நூலகரும் பயபக்தியோடு கண்ணை மூடினார். நாள் முழுக்க 'உஷ்' என்று சொல்லியே பிழைக்கும் அவருக்குக்கூட இப்படியோர் அமைதி வாய்த்ததில்லை.

"இழுக்கவும் இல்லையே" என்றாள் மனைவி. "முடிவா சொல்லுங்கண்ணா. ரிப்பேரா, புதுசா?"

நூலகர் மெஷின் மேல் கையை வைத்துக்கொண்டார்.

"ரெண்டும் வேணாம்மா. ஒரு தொடப்பம் வாங்குங்க. அதுக்கு ஈடே கிடையாது."

நூலகருக்குக் கண் கலங்கியது. மெஷினால் வயிறு வளர்க்கும் மனிதர் துடைப்பத்தைச் சிபாரிசு செய்கிறாரே, இப்படியும் ஒரு நேர்மையா? போகிற மெஷின் ஒரு மகான் கையால் போனதே என்று மனதைத் தேற்றிக்கொண்டார். மனைவி குடிக்க ஏதாவது கொண்டுவர அடுப்படிக்கு ஓடினாள்.

மறுபடி மணி அடித்தது. கையில் கருவிப் பையோடு ஒருவன் மூச்சு வாங்க நின்றான்.

"மன்னிக்கணும் சார், வேக்யூம் கிளீனர் மெக்கானிக். வீடு தெரியாம கீழ் வீட்டைத் தட்டிட்டேன். அங்க புதுசா குடிவந்த அம்மாதான் வழி சொன்னாங்க, 'எங்க வீட்டுக்காரர் நைட் டியூட்டி முடிச்சுட்டு வந்து அந்தச் சத்தத்துல தூங்க முடியாம, இப்பதான் சண்டை போட மேல போயிருக்காரு, அந்த வீடுதான்'னு."