மூன்றாம் ஓலைக்கு நான் எழுந்து நின்ற காரணம்

சேசு மரி சூசை துணை

தூத்துக்குடி
13-2-1974

அன்பும் பண்பும் நிறைந்த மச்சான் வளன் அவர்களுக்கு, தங்கை புருஷன் மனுவேல் ரோச் எழுதிக்கொள்வது. சர்வேசுரன் புண்ணியத்தில் இங்கே நான் மட்டும் நலம். உங்கள் தங்கச்சி அல்போன்சா நலமா இல்லையா என்று எனக்குத் தெரியாது, அவள் என்னிடம் பேசுவதில்லை. மகள் பிலோமியும் பேசுவதில்லை. பங்குச் சாமியார் பேசுகிறார், ஆனால் அவர் பேசாமலிருந்தால் தேவலை. மதராஸில் நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் சுகமென்று நம்புகிறேன். சுகமாகத்தான் இருப்பீர்கள். புத்தகங்களை இங்கே அனுப்பிவிட்டீர்களே.

முதலில் அந்தப் புத்தகங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கப்பல் கம்பெனியில் சரக்கு எண்ணுகிற டேலி கிளார்க் வேலையிலிருந்து நான் ஓய்வு பெற்ற அன்றைக்கு, "சும்மா இருந்தா மூளை துருப்பிடிச்சுப் போவும், எதையாவது வாசியும்" என்றீர்கள். அன்றிலிருந்து மாதம் தவறாமல் பார்சல் வருகிறது. உங்கள் நல்ல மனசுக்கு நன்றி. ஆனால் அவற்றை எழுதினவர்கள் என் கையில் கிடைத்தால், பேனாவைப் பிடுங்கிக்கொண்டு உப்பளத்தில் வேலைக்கு விட்டிருப்பேன். "நாகமுத்துத் தீவின் நங்கை" என்று ஒன்று அனுப்பினீர்களே, அதில் இளவரசன் கடலுக்குள் குதித்து, பாதி அத்தியாயம் மூச்சுவிடாமல் நீந்தி, ஒரு சிப்பியைப் பிளக்கிறான். உள்ளே முத்து குத்துவிளக்குப் போல எரிகிறதாம். அந்த வெளிச்சத்தில் இளவரசி பாட்டுப் பாடுகிறாளாம். முத்துக்குளிப்பு நின்று வருஷக்கணக்காகிறது, ஆனாலும் இந்த ஊரில் தொட்டில் பிள்ளைக்குக்கூடத் தெரியும், சிப்பியைக் கரையில் குவித்து அழுகவிட்டு, ஈ மொய்க்க மொய்க்க மூக்கைப் பொத்திக்கொண்டுதான் முத்துத் தேடுவார்கள் என்று. அந்த நாற்றத்தில் இளவரசியாவது, பாட்டாவது! அடுத்தது "செவ்வாயில் செங்கமலம்". ஆகாயக் கப்பல் செவ்வாய்க் கிரகத்துக்குப் போகிறது. என்ன சரக்கு ஏற்றினார்கள், எத்தனை மூட்டை, யார் எண்ணினார்கள், ஒரு வரி கிடையாது. சுங்கத்தில் கையெழுத்துக்கூட வாங்காமல் கிளம்பிவிடுகிறார்கள். நம் தோணிக்காரர்கள் பக்கத்திலிருக்கிற கொழும்புக்குப் போவதற்கே காற்றைப் பார்த்துப் பார்த்துக் காத்துக்கிடக்கிறார்கள். போகட்டும், செவ்வாய்க்காரன் இறங்கி வந்து கும்பகோணத்து ஐயர் வீட்டுப் பேச்சுப் பேசுகிறான். இங்கிருந்து ஏரலுக்குப் போனாலே பேச்சு மாறுகிறது ஐயா, செவ்வாயில் மாறாதா?

இதையெல்லாம் மன்னித்துவிடலாம். மன்னிக்க முடியாதது "சாம்பல் நிறக் குடை". அதில் வரும் துப்பறிவாளர் கோமளேஸ்வரன் குளிப்பதாக எங்கேயும் எழுதவில்லை. சுருட்டுக் குடிக்கிறார், கண்ணை மூடுகிறார், வந்தவனின் சப்பாத்தில் ஒட்டின மண்ணைப் பார்த்து அவன் எந்த ஊர், என்ன தொழில், காலையில் என்ன சாப்பிட்டான் என்று சொல்லிவிடுகிறார். சுத்தப் புளுகு. எத்தனை இடத்தில் புளுகுகிறான் என்று எண்ணுவதற்காக இரண்டாம் தடவை வாசித்தேன். எண்ணினது சரியா என்று பார்க்க இன்னொரு தடவையும் வாசித்தேன், டேலி கிளார்க் புத்தி போகுமா? அதைவிட அயோக்கியத்தனம், கொலைகாரன் கதவைத் திறந்துகொண்டு வருகிற இடத்தில், "அவன் முகத்தைக் கண்டு அனைவரும் திடுக்கிட்டனர்" என்று முடித்து, மீதி இரண்டாம் பாகத்தில் என்று போட்டுவிட்டான். அந்த இரண்டாம் பாகத்தை நீங்கள் அனுப்பவில்லை. நான் கேட்கவுமில்லை. எனக்கென்ன, எவன் கொன்றால் என்ன?

இனி விஷயத்துக்கு வருகிறேன். பிலோமிக்குப் பெரியதாழைச் செபாஸ்டினைப் பேசி முடித்தது நீங்கள் அறிந்ததே. பையன் ஆறுமுகநேரியில் ரசாயனக் கம்பெனியில் வேலை. நல்ல குடும்பம், வரதட்சணையாகக் கேட்டது எதுவுமில்லை. விபூதிப் புதனுக்கு முந்தின திங்கட்கிழமை கல்யாணம் என்று நாள் குறித்தோம். அதைத் தவறவிட்டால் தபசு காலம் தொடங்கிவிடும், பிறகு பாஸ்குத் திருநாள் முடிகிறவரை கோயிலில் கல்யாணம் கிடையாது. கோயிலில் கல்யாண அறிவிப்பு முதல் ஓலை வாசித்தாயிற்று, இரண்டாம் ஓலையும் வாசித்தாயிற்று. அந்தச் சமயத்தில் பையன் ஒருநாள் வீட்டுக்கு வந்தான். வாசலில் சப்பாத்தைக் கழற்றி வைத்தான். நான் பார்க்கவேண்டும் என்று பார்க்கவில்லை, கண்ணில் பட்டது. ஆறுமுகநேரியில் இருக்கிறவன் சப்பாத்தில் உப்புப் பூத்திருக்கவேண்டும். பெரியதாழைக்குப் போய் வந்தவன் என்றால் தேரிச் செம்மண் இருக்கவேண்டும். இதில் இரண்டுமில்லை, ஆற்று வண்டல் கறுப்பாக ஒட்டியிருந்தது. வண்டல் என்றால் ஆற்றங்கரை ஏரல். ஏரலில் இவனுக்கு என்ன வேலை?

அடுத்த சனிக்கிழமை நான் ஏரலுக்குப் போனேன். துப்பறிய இல்லை, அங்கே கருப்பட்டி நன்றாக இருக்கும். கையில் குடை வெயிலுக்காக. அது சாம்பல் நிறமாக இருந்தது தற்செயல். சந்தையில் நிற்கிறேன், பையன் வருகிறான், கக்கத்தில் காகிதம் சுற்றின ஒரு பொட்டலம். ஒரு வீட்டுக் கதவைத் தட்டுகிறான். ஒரு பெண்பிள்ளை சிரித்துக்கொண்டே பொட்டலத்தை வாங்கிக்கொண்டு உள்ளே கூட்டிப்போகிறாள். எதிரே வெற்றிலைக் கடை பேச்சிமுத்துவிடம், "அண்ணாச்சி, அந்தப் பையன் அடிக்கடி வாரானோ?" என்று சாதாரணமாகக் கேட்டேன்.

"சனிக்கிழம தவறாம வாரான். டீச்சரம்மா இவனுக்குன்னே தனியா எடுத்து வச்சிருப்பாவ" என்றான்.

எதை எடுத்து வைத்திருப்பாள் என்று நான் கேட்கவில்லை. கோமளேஸ்வரன் கேட்பதில்லை, ஊகித்துக்கொள்வார். நானும் ஊகித்துக்கொண்டேன். இவனுக்கு ஏரலில் ஒரு குடும்பம் இருக்கிறது, சோற்றுச் சட்டிகூடக் காத்திருக்கிறது! கருப்பட்டி வாங்க மறந்து வந்துவிட்டேன்.

மறுநாள் ஞாயிறு. பூசையில் சாமியார் மூன்றாம் ஓலை வாசித்தார். பெரியதாழைப் பங்கு செபாஸ்டினுக்கும் நம் பங்கு மனுவேல் ரோச் மகள் பிலோமிக்கும் திருமணம், தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள் என்றார். அறிந்தவன் நான். கடமைப்பட்டவனும் நான். பூசை முடிந்தபின் தனியாகப் போய்ச் சொல்வதுதான் வழக்கம் என்று இப்போது எல்லோரும் எனக்குப் பாடம் நடத்துகிறார்கள். அந்த நேரத்தில் யாருக்கு அதெல்லாம் தோன்றும்? எழுந்து நின்றுவிட்டேன்.

சாமியார் எனக்குக் கால் மரத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார். "மனுவேல், உக்காரும்" என்றார்.

"சாமி, தடை இருக்கு."

"யாரு கல்யாணத்துக்கு?"

"என் மக கல்யாணத்துக்கு."

"யாரு சொல்லுதது?"

"நான்தான் சொல்லுதேன்."

ஆர்மோனியக்காரன் பயத்தில் ஒரு கட்டையை அழுத்திவிட்டான், அது ஊளையிட்டது. "பொண்ணுக்கு அப்பனே ஓலைக்குத் தடை சொல்லி இந்தக் கோயில்ல நான் பாத்ததில்ல" என்றார் சாமியார். பெண்கள் பக்கத்திலிருந்து உங்கள் தங்கச்சி பார்த்த பார்வையை நான் சாகிறவரை மறக்கமாட்டேன். பிலோமி முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

சாமியார் விசாரணை வைத்தார். பையன் வந்தான், அவன் தகப்பனார் வந்தார், ஏரலிலிருந்து அந்தப் பெண்பிள்ளையும் வந்தாள். ஞானசௌந்தரி டீச்சராம், நாசரேத்தில் படித்தவள், புருஷனும் கூட வந்திருந்தார். வீட்டில் வாடகைப் புத்தக நிலையம் நடத்துகிறாள். அந்தப் பொட்டலத்தை அவளே கொண்டுவந்திருந்தாள், சாமியார் மேசையில் பிரித்தார்கள். உள்ளே என்ன தெரியுமா? எல்லாம் நாவல்! ராக்கெட், ராட்சசன், ரத்தக்கறை! சாமியார் ஒன்றை எடுத்து, "இது விசுவாசத்துக்கு விரோதமான்னு பாக்கணும்" என்று அங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார். இன்றுவரை திருப்பித் தரவில்லை. அவன் தகப்பனார் எழுந்து, "எம் மவன் மேல இவரு கோயில்லவச்சு மண்ண அள்ளிப் போட்டாரு. அதே கோயில்ல எந்திரிச்சு நின்னு தடை இல்லன்னு சொல்லட்டும். பொறவு கல்யாணத்தப் பேசுவோம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான் சொல்லமாட்டேன் மச்சான். யோசித்துப் பாருங்கள், என் சந்தேகத்தில் என்ன தப்பு? வேறு பெண் என்றால்கூட அதட்டி உருட்டி ஒருவனைத் திருத்திவிடலாம். செவ்வாய்க் கிரகம் படிக்கிறவனை யார் திருத்துவது? சம்பளம் வாங்குகிறவன், வயது வந்தவன், பஸ் ஏறிப்போய்க் குப்பையை வாடகைக்கு எடுத்துவந்து கண்முழித்துப் படிக்கிறான். அவன் கையில் என் மகளைக் கொடுக்கவா? விசாரணை முடிந்து வீடு வந்ததும் பிலோமி ஒன்றே ஒன்று கேட்டாள்: "எப்பா, அவுககிட்ட நேரா கேட்டிருந்தா சொல்லியிருப்பாவல்லா?" அவ்வளவுதான், பிறகு வாய் திறக்கவில்லை. என் தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விடுகிறாள். அது எனக்குத் தாங்கவில்லை, இல்லையென்று பொய் சொல்லமாட்டேன். ஆனாலும் நான் இறங்கப்போவதில்லை. கல்யாணம் நின்றது நின்றதுதான். இவ்வளவுக்கும் மூலகாரணம் உங்கள் பார்சல், ஆகையால் தாய்மாமன் என்கிற முறையில் நீங்களே பெரியதாழைக்குப் போய்ப் பேச்சை முறித்துவிட்டு வாருங்கள். இனி என் விலாசத்துக்கு ஒரு நாவல்கூட வரக்கூடாது. வந்தால் கடலில் போடுவேன்.

அக்காவுக்கு என் மரியாதை. பிள்ளைகளுக்கு என் ஆசீர். பனிமய மாதா உங்கள் எல்லோரையும் காப்பாளாக, கதையெழுதுகிறவர்களை அவள் இஷ்டம்போல் செய்வாளாக.

இப்படிக்கு,
மனுவேல் ரோச்

பி.கு.: கடிதத்தை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளை செபாஸ்டின் வந்தார். தகப்பனாருக்குத் தெரியாமல் வந்தாராம். நான் பசை தேடுவதை நிறுத்தவில்லை. அவராகவே மேசைமேல் கிடந்த "சாம்பல் நிறக் குடை"யைப் பார்த்துவிட்டு, "மாமா, கொலகாரன் யாருன்னு நெனைக்கீய?" என்று கேட்டார். கணக்குப்பிள்ளைதான், வேறு யார் என்றேன். அவர் சிரிக்கவில்லை, மரியாதையாக, "நானும் அப்படித்தான் நெனச்சேன்" என்றார். நெனச்சேன் என்றால் என்ன அர்த்தம்? கணக்குப்பிள்ளை இல்லையா? கேட்பதற்குள், கொண்டுவந்த இரண்டாம் பாகத்தைப் பிலோமி கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அவள் என் எதிரிலேயே உட்கார்ந்து வாசிக்கிறாள். நடுவில் ஒருதரம் "ஐயோ" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். கடைசியில் நான் கையை நீட்டினேன். "ஞாயித்துக்கெழம கோயில்ல எந்திரிச்சு நின்னு சொல்லுங்க, தாறேன்" என்றாள். விசாரணை நாளுக்குப் பிறகு என் பிள்ளை என்னிடம் பேசிய முதல் பேச்சு மச்சான். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஞாயிறு நிற்கிறேன் என்று சாமியாரிடம் சொல்லியாயிற்று. ஆகவே நீங்கள் பெரியதாழைக்குப் போகவேண்டாம், நேரே கல்யாணத்துக்கு வாருங்கள். மூன்றாம் பாகமும் உண்டாமே? தாய்மாமன் சீர்ப் புடவையை மறந்தாலும் அதை மறந்துவிடாதீர்கள்.